வீவக பால்கனிக்கு 200 வாட் சோலார்: சாமான் தேடிய அனுபவம்

சின்ன சோலார் அமைப்புக்குச் சாமான் எங்கே வாங்குவது என்று தமிழில் தேடினால் வருவதெல்லாம் தமிழ்நாட்டுத் தகவல்தான். அங்கே மொட்டை மாடி உண்டு, அரசு மானியம் உண்டு, ஊருக்கு நாலு பேட்டரிக் கடை உண்டு. சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோர் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடியில் இருக்கிறோம். கூரை நம்முடையது இல்லை. கடைகளும் நம் அளவுக்குச் சாமான் வைப்பதில்லை. அதனால் நான் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன். யாருக்காவது கொஞ்சம் அலைச்சல் குறைந்தால் நல்லது.

எங்கள் வீடு உட்லண்ட்ஸில், பழைய எக்ஸிகியூட்டிவ் மெசனெட், அதாவது உள்ளேயே மாடி உள்ள இரண்டு தள வீடு. தலைக்கு மேல் கூரை இல்லாத ஒரு பால்கனி இருக்கிறது. கறிவேப்பிலை, துளசி, மணத்தக்காளி என்று தொட்டிகள் ஓரமாக நிற்கும். நடுவில் தரை காலி. காலை பத்து மணிக்கு மேல் அங்கே வெறுங்காலோடு நிற்க முடியாது. என் மாமனார் கப்பல் பட்டறையில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "இவ்வளவு வெயிலையும் சிமெண்டுத் தரை குடிச்சிட்டிருக்கேம்மா" என்று அடிக்கடி சொல்வார். அந்த வெயிலைப் பிடித்து, இரவில் அவர் அறைக்கு ஒரு ஃபேன், சாமி மேடைக்கு ஒரு விளக்கு, கூடத்துக்கு ஒரு விளக்கு, வீட்டில் உள்ளவர்களின் கைப்பேசி, இவ்வளவையும் ஓட்டவேண்டும். எங்கள் ஆசை இந்த அளவுதான்.

காசு மிச்சம் பிடிக்க நினைத்து யாரும் இதில் இறங்கவேண்டாம். மின்சாரம் ஒரு யூனிட் சுமார் 30 காசு. எங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 300 வாட்-மணி, அதாவது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நாளுக்கு 9 காசு, வருஷத்துக்கு 33 வெள்ளி. சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆனது 600 வெள்ளிக்குப் பக்கம். போட்ட பணம் திரும்ப 18 வருஷம் ஆகும், அதற்குள் பேட்டரி ஒருமுறையாவது மாற்றவேண்டி வரும். இது தெரிந்தேதான் செய்தோம். இந்த ஊரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இறக்குமதி செய்த இயற்கை எரிவாயுவை எரித்து வருகிறது. வருஷம் முழுக்க கொட்டுகிற வெயிலில் ஒரு கைப்பிடியாவது என் வீட்டுக்குள் வேலை செய்யவேண்டும் என்பது எனக்கு முக்கியமாக இருந்தது. மாமாவுக்கு வேறு காரணம். 2018 செப்டம்பர் 18 அதிகாலை தீவின் பல பகுதிகளில் ஏறக்குறைய 147,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றுபோனது. அன்றிலிருந்து, வீட்டில் ஒரு விளக்காவது தனியாக எரியவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"உங்க புளோக் கூரையிலதான் பேனல் இருக்கே, அப்புறம் எதுக்கு இது?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் வீவக கூரைகளில் பேனல் போட்டுக்கொண்டே வருகிறார்கள். அந்த மின்சாரம் பகலில் மின்தூக்கிக்கும் தாழ்வார விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் போகிறது. மீதி பொதுக் கட்டமைப்புக்குப் போய்விடும். நம் வீட்டு மீட்டருக்கு நேராக வருவதில்லை.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லவேண்டும். ஜெர்மனியில் பால்கனிக் கம்பியில் பேனலை மாட்டி, வயரைச் சுவர் பிளக்கில் செருகும் காணொளிகள் நிறைய வருகின்றன. அங்கே 800 வாட் வரை அதற்கென்று சட்டமே இருக்கிறது. அதைப் பார்த்து இங்கே யாரும் செய்யாதீர்கள். சிங்கப்பூரில் வீட்டு மின்கம்பியைத் தொடும் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ள மின்பணியாளர்தான் செய்யவேண்டும். தரைவீடு உள்ளவர்கள் அப்படி உரிமம் உள்ளவர்களை வைத்துக் கூரை முழுக்கப் போடுவது வேறு பாதை. எங்களுடையது வீட்டு மின்சாரத்தோடு எந்த இடத்திலும் சேராத, தனியான 12 வோல்ட் அமைப்பு. கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஒரு அங்குலம்கூட நீட்டவில்லை, சுவரில் துளை போடவில்லை. மேலிருந்து ஒரு ஆணி விழுந்தாலும் கீழே போகிற பிள்ளையின் தலை என்ன ஆகும்? அதனால் பேனல் இரண்டும் சுவர் உயரத்துக்குக் கீழே, தரையில், கனமான தாங்கியில் கட்டுண்டு கிடக்கின்றன.

சுவருக்குள் தாழ்வாக வைத்தால் வெயில் எப்படி விழும் என்று கேட்பீர்கள். இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூட வடக்கே இல்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் போகும். ஜூனில் கொஞ்சம் வடக்கே சாயும், டிசம்பரில் கொஞ்சம் தெற்கே. வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வது போல தெற்கே பார்த்து 30, 40 டிகிரி சாய்க்கத் தேவையே இல்லை. 10 டிகிரி சாய்வு போதும், அதுவும் மழைத்தண்ணீர் வழிந்து தூசியைக் கழுவத்தான். நம் கடிகாரத்தில் உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒரு மணி வாக்கில். பத்து மணியிலிருந்து மூன்றரை வரை பேனல் மேல் சுவர் நிழல் விழாத இடத்தைத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்தேன். எவ்வளவு பெரிய பேனல் வாங்கலாம் என்று முடிவு செய்தது அந்தக் கோடுதான்.

அதற்கு முன் தேவைக் கணக்கு. ஃபேன் 25 வாட், 8 மணி நேரம்: 200. இரண்டு விளக்கு 14 வாட், 5 மணி நேரம்: 70. கைப்பேசிகள் 30. ஆக 300 வாட்-மணி. இந்த ஊரில் திறந்த வெளியில் கிடைமட்டமாக வைத்த பேனலுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும். எங்கள் பால்கனியில் சுவர் இருப்பதால் மூன்று என்று வைத்தேன். 200 வாட் பேனல் மூன்று மணி நேரம் தந்தால் 600. சூடு, வயர், பேட்டரி என்று கால்வாசி போனாலும் 450. மேகமூட்டமான நாளில் அதில் பாதி. வடகிழக்குப் பருவக்காற்றில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மழை பிடித்தால் அதுவும் வராது, அப்போது ஃபேன் சுவர் மின்சாரத்துக்குப் போகும். சரி, 200 வாட் பேனல், இரண்டு நாள் தேவைக்குத் தாங்கும் 640 வாட்-மணி பேட்டரி. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கடை ஏறினேன். கடைக்காரர் பேச்சில் பெரிதாக எதையும் வாங்காமல் திரும்பியதற்கு அந்தத் தாள்தான் காரணம்.

சோலார் நிறுவனங்களைத்தான் முதலில் கேட்டேன். மரியாதையாகவே பேசினார்கள், ஆனால் அவர்கள் விற்பது 400, 500 வாட் பேனல். ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல் நீளம், 20 கிலோவுக்கு மேல் எடை. அதையும் பத்து இருபதாகத்தான் தருவார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு சின்னப் பேனல் என்றால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்தது இணையக் கடைகள். இங்கேதான் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சூரியன் உச்சியில் இருக்கும்போது ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1000 வாட். நல்ல பேனல் அதில் 20, 22 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக மாற்றும். ஆக ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட், கொஞ்சம் கூடலாம். இதை மனசில் வைத்துக்கொண்டு விளம்பரங்களைப் பாருங்கள். "300 வாட் மடக்குப் பேனல்" என்று போட்டு, கீழே அளவு 60க்கு 35 சென்டிமீட்டர் என்று இருக்கும். பெருக்கினால் 0.21 சதுர மீட்டர். முழு வெயிலை வைத்தாலும் 46 வாட்டைத் தாண்டாது. 300 எங்கிருந்து வரும்? விற்கிறவர் அளவை மறைக்க முடியாது, பெட்டிக்கு வேண்டுமே. அதனால் எந்தப் பேனலானாலும் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி, அதை 200ஆல் பெருக்குங்கள். வருகிற எண்ணுக்கு வெகு மேலே ஒருவர் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

அப்படி ஒன்றை என் தங்கை ஆசையாக வாங்கி எங்களுக்குப் பரிசாகக் கொடுத்தாள். மாமா அதை மதியம் ஒரு மணிக்கு வெயிலில் விரித்து, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி, இரண்டு முனையையும் நேராகத் தொட்டார். இரண்டு ஆம்பியர்கூட இல்லை. 18 வோல்ட்டோடு பெருக்கினால் 34 வாட். விற்றவருக்கு மீட்டர் படத்தோடு எழுதிப் பணத்தைத் திரும்ப வாங்கினோம். இந்தச் சோதனையைப் பேனலில் தாராளமாகச் செய்யலாம், ஏனென்றால் பேனல் தன் அளவுக்கு மேல் மின்னோட்டம் தராது. பேட்டரியில் மட்டும் ஒருபோதும் செய்யக்கூடாது. முனைகளை நேராக இணைத்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து மீட்டரும் கையும் வெந்துவிடும்.

வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியிலிருந்து 400 வெள்ளிக்குக் குறைந்த வெளிநாட்டுச் சரக்குக்கும் பொருள் சேவை வரி வந்துவிட்டது, 2024 முதல் அது 9 விழுக்காடு. கண்ணாடிப் பேனலுக்குக் கப்பல் கூலி தனி. ஜொகூர் பாருவில் மலிவாகக் கிடைக்கும் என்று பலர் சொன்னார்கள். காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு வரி விலக்கு 100 வெள்ளி வரைதான், அதற்கு மேல் சுங்கத்தில் சொல்லி வரி கட்டவேண்டும். கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சென்னையிலிருந்து வருகிற அண்ணன் "பேட்டரி நான் கொண்டுவர்றேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விமானத்தில் 100 வாட்-மணி வரை கைப்பையில் சாதாரணமாக விடுவார்கள், 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 640 வாட்-மணி பேட்டரியை எந்தப் பையிலும் ஏற்ற முடியாது.

பேனல் கடைசியில் கிடைத்த இடம் நான் நினைத்தே பார்க்காதது: படகுச் சாமான் விற்கும் கடை. யோசித்தால் காரணம் தெரிகிறது. உப்புக்காற்றில் நடுக்கடலில் நிற்கிற படகுக்கும் கேலோங் என்கிற கடல் மீன்பண்ணைக்கும் மின்கம்பி கிடையாது. புலாவ் உபின் தீவு மக்கள் காலங்காலமாக டீசல் ஜெனரேட்டரை நம்பி இருந்தார்கள், 2013இல்தான் அங்கே படகுத்துறைப் பக்கம் சோலார் சேர்ந்த சின்ன மின்கட்டமைப்பைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். 12 வோல்ட் விளக்கு, 12 வோல்ட் பம்பு, 100 வாட் பேனல், துருப்பிடிக்காத திருகு, எல்லாமே படகுக்காரர்களுக்குத் தினசரிச் சாமான். வீட்டுக்காரர்கள்தான் அந்தக் கடைகளைக் கண்டுகொள்வதில்லை. விலை இணையத்தைவிடக் கூடுதல்தான். ஆனால் கடைக்கார அங்கிள் பேனலை வெளியே எடுத்துவந்து கடை வாசல் வெயிலில் வைத்து, "நீங்களே அளந்து பாருங்கள்" என்று மாமாவிடம் கொடுத்தார். மேகம் விலகுகிற வரை எங்களோடு நின்றார். 5.3 ஆம்பியர் காட்டியது. 100 வாட் பேனலுக்கு அது சரியான எண். இரண்டு வாங்கினோம்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜை ஒழுங்குபடுத்தும் பெட்டி, அதாவது சார்ஜ் கன்ட்ரோலரும் அந்தக் கடையிலேயே பார்த்தோம். இதில் இரண்டு வகை உண்டு, பிடபிள்யூஎம், எம்பிபிடி. முதல் வகை பேனலை பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துப் பிடித்து வைக்கும். இரண்டாவது வகை பேனல் எந்த வோல்ட்டில் அதிகம் தருகிறதோ அங்கேயே விட்டு, மாற்றித் தரும். எம்பிபிடி 30 விழுக்காடு அதிகம் தரும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். குளிர் நாட்டுக்கு அது சரி. பேனலின் 18 வோல்ட் என்பது 25 டிகிரியில் அளந்தது. நம் வெயிலில் பேனல் 60 டிகிரிக்குப் போகும், வோல்ட் 16க்குக் கீழே இறங்கும், அதனால் லாபமும் 30இலிருந்து 15 விழுக்காட்டுப் பக்கம் வந்துவிடும். ஆனாலும் எம்பிபிடியே வாங்கினேன். லித்தியம் பேட்டரிக்கு எத்தனை வோல்ட்டில் நிறுத்தவேண்டும் என்பதை அதில் நானே அமைக்க முடிகிறது. மலிவான பெட்டிகள் பல ஈயப் பேட்டரிக்காகச் செய்தவை, அவ்வப்போது வேண்டுமென்றே வோல்ட்டை ஏற்றி விடும், லித்தியத்துக்கு அது ஆகாது. அதோடு, எம்பிபிடி என்று வெளியே அச்சடித்து உள்ளே பிடபிள்யூஎம் வைத்த பெட்டிகளும் சந்தையில் உண்டு. உண்மையான எம்பிபிடிக்குள் செம்புக் கம்பி சுற்றிய கனமான சுருள் இருக்கும், கையில் எடுத்தாலே கனம் தெரியும். தீப்பெட்டி கனத்தில் 20 வெள்ளிக்கு எம்பிபிடி கிடைக்காது. நாங்கள் எடுத்தது விக்ட்ரான் 75/15. 75 வோல்ட் வரை பேனல் தாங்கும், 15 ஆம்பியர் தரும். எங்கள் 200 வாட்டுக்குக் கச்சிதம். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் இபிஎவர் ட்ரேசர் வரிசையைப் பாருங்கள், அதுவும் உண்மையான எம்பிபிடிதான்.

பேனல் இரண்டையும் பக்கவாட்டில், அதாவது இணையாகச் சேர்த்தோம். கறிவேப்பிலைக் கிளையின் நிழல் ஒன்றில் விழுந்தாலும் மற்றது பாதிக்காமல் தன் பாட்டுக்குத் தரும்.

பேட்டரிக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். மின்-ஸ்கூட்டர் பேட்டரி வீட்டுக்குள் தீப்பிடித்த செய்திகளை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். பழைய ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்துச் சோலாருக்குப் போடலாம் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வயசானவர் தூங்குகிற வீட்டில் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஈயப் பேட்டரியும் எனக்குப் பிடிக்கவில்லை. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போகும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை இந்த மூன்றில் நிதானமானது, சூடானாலும் மற்ற லித்தியம் போல எளிதில் பற்றி எரியாது. 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி, அதுதான் நம் 640.

இங்கேயும் ஏமாற்று உண்டு, இங்கே கண்டுபிடிக்கிற வழி தராசு. இந்த வகை பேட்டரியில் ஒரு கிலோவுக்கு 100லிருந்து 130 வாட்-மணிதான் அடங்கும். 50 ஆம்பியர்-மணி என்றால் ஐந்து, ஆறு கிலோ. 100 என்றால் பத்து கிலோவுக்கு மேல் இருக்கவேண்டும். "100 ஆம்பியர்-மணி, 4 கிலோ மட்டுமே, தூக்கிச் செல்ல எளிது" என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். எடை குறைவாக இருப்பதைப் பெருமையாகவே போட்டிருந்தார்கள். உள்ளூரில் கிடங்கு வைத்திருக்கும் ஒருவரிடம், எடையும் உத்தரவாதமும் எழுத்தில் கேட்டு வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் மாவு நிறுக்கிற தராசில் நிறுத்தோம், சரியாக இருந்தது. முழுசாகச் சார்ஜ் செய்து, மாமா ஒரு 55 வாட் கார் விளக்கை அதில் மாட்டி எரியவிட்டார். பத்தரை மணி நேரம் எரிந்தது. அதன் பிறகுதான் அவருக்கு முகம் மலர்ந்தது.

வயர், ஃபியூஸ், முனை, சுருங்கு குழாய், இவற்றுக்கு ஜாலான் புசாரில் சிம் லிம் டவர். பலர் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விடுகிறார்கள், அது கணினிக்கும் கைப்பேசிக்கும். டவர் தனிக் கட்டடம், அங்கேதான் மின்னணு உதிரிச் சாமான் கடைகள். மீட்டர் கணக்கில் வயர் வெட்டித் தருவார்கள். மாமாவுக்கு அந்த வட்டாரம் அத்துப்படி. பக்கத்துச் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடியதை அவர் இன்னும் சொல்லி வருத்தப்படுவார். கப்பலில் வேலை பார்த்த காலத்தில் கருவிகளில் பாதி அங்கே வாங்கியவை.

வயரில் சிக்கனம் பார்க்காதீர்கள். 12 வோல்ட்டில் எல்லாமே ஆம்பியர் அதிகம். சாதாரண 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியரை ஐந்து மீட்டர் தூரம் கொண்டுபோனால், போகிற வழியிலும் வருகிற வழியிலும் சேர்த்து 1.2 வோல்ட் காணாமல் போகும். பத்தில் ஒரு பங்கு! 4 சதுர மில்லிமீட்டர் சோலார் வயரில் அது அரை வோல்ட்டுக்குள் அடங்கும், வெயிலில் உறையும் வெடிக்காது. ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டினாற்போல இருக்கவேண்டும் என்பதில் மாமா ஒரு சாண்கூட விட்டுக்கொடுக்கவில்லை. "ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்கிற வயரை யாரு காப்பாத்துவா?" என்றார். வீட்டு மெயின் பெட்டியில் இருக்கும் சாதாரண பிரேக்கரை இதற்குப் போடக்கூடாது என்றும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் பொறி தானாக அணையும். பேட்டரி தருகிற நேர்மின்னோட்டம் (டிசி) அப்படி இல்லை, பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். டிசி என்று எழுதிய பிரேக்கரையே கேட்டு வாங்குங்கள்.

பேனல் வயரின் முனையில் வரும் எம்சி4 இணைப்பியை நசுக்கிப் பொருத்த தனிக் கருவி வேண்டும். சாதாரண இடுக்கியில் நசுக்கினால் உள்ளே பிடிக்காது, நாளடைவில் சூடாகி உருகும். அந்தக் கருவியைக் கொடுத்து உதவியவர் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கும்போது, மாமா ஊர்ப் பேச்சில் பிடித்த பழக்கம். வீவக கூரைகளில் பேனல் பொருத்துகிற குழுவில் வேலை பார்க்கிறார். நம் தலைக்கு மேல் இருக்கும் அந்தப் பேனல்களை வெயிலில் நின்று பொருத்துகிறவர்களில் பலர் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும்தான். இதை எழுதும்போது அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. விடுமுறை நாளில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, கருவியைப் பிடிக்கிற விதத்தை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். "அக்கா, ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை இன்னொரு கம்பெனின்னு கலக்காதீங்க. பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும், உள்ள சேராது. சைட்ல எரிஞ்சு போன முனையெல்லாம் முக்கால்வாசி அப்படித்தான்" என்றார். பேனலோடு வந்த முனை எந்த நிறுவனமோ அதையே தேடி வாங்கினோம்.

இன்வெர்ட்டர் வாங்கவில்லை. 12 வோல்ட்டை 230க்கு ஏற்றி, ஃபேன் அதை மறுபடி இறக்கி, இடையில் பத்துப் பதினைந்து விழுக்காடு சூடாகப் போவதற்கு ஏன் காசு கொடுக்கவேண்டும்? விளக்குகள் படகுக் கடையில் வாங்கிய 12 வோல்ட் எல்இடி. கைப்பேசிக்கு லாரிகளில் பொருத்துகிற யுஎஸ்பி துளை.

ஃபேன்தான் இன்னும் சரியாக அமையவில்லை. இங்கே எல்லாக் கடையிலும் "டிசி ஃபேன்" என்று கூரை ஃபேன் விற்கிறார்கள். மோட்டார் டிசிதான், ஆனால் வாங்குவது 230 வோல்ட் ஏசி, மாற்றுவது உள்ளே இருக்கும் பலகை. பேட்டரியை நேராக மாட்ட முடியாது. இப்போது மாமா அறையில் ஓடுவது படகுக்கென்று செய்த சின்ன 12 வோல்ட் ஃபேன். காற்று கட்டில் வரை வருகிறது, ஆனால் அறை முழுக்க இல்லை. 14 அங்குலத்துக்கு மேல் இறக்கை, 10லிருந்து 15 வோல்ட் வரை தாங்குகிற மோட்டார், சத்தம் குறைவு, 30 வாட்டுக்குள். இப்படி ஒரு சுவர் ஃபேன் சிங்கப்பூரில் எந்தக் கடையிலாவது பார்த்திருந்தால் கடையின் பெயரை எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு, மீட்டரையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.